முதல் பெயர்

ஏழேரி நாட்டில் காலை ஏழே காலுக்கு ஓடக்காரர் மாயழகு இறந்தார். அவர் மனைவி பொன்னுத்தாய் அழுவதற்கு முன் அவருடைய இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்தாள். யாரும் விசிறக் கூடாது என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக் கோசலையின் கையைப் பிடித்தாள்.

“ஆறு மணி நேரம் இருக்குடி. அதுக்குள்ள எடுத்துட்டா உனக்குத்தான்.”

கோசலைக்குக் கருவிழி வெளுத்து ஆறு ஆண்டுகள். மகளுக்கு ஐந்து வயது. அந்த முகத்தை அவள் விரல்களால்தான் அறிவாள். கண் வேண்டுவோர் பதிவேட்டில் இப்போது அவள் பெயர் முதலாவது. இரண்டாவது, அடுத்த தெருவில் கயிறு திரிக்கும் தவசி.

அந்நாட்டில் கண்தானத்துக்குக் குறைவில்லை. மன்னர் தம் கண்களை எழுதிவைத்த நாளில், குடிகளும் எழுதிவைக்க ஆணை வந்தது. எழுதாதவர்களுக்கு உப்பு நிறுத்தப்பட்டது. எல்லோரும் எழுதினார்கள். அடுத்த ஆணை, அமைச்சர் முன்னிலையில்தான் கண் எடுக்க வேண்டும் என்றது. அமைச்சர் ஒருவர்தான்.

எட்டு மணிக்கே வைத்தியர் வந்துவிட்டார்.

“எடுத்துடுங்களேன் ஐயா,” என்றாள் பொன்னுத்தாய்.

“எடுக்கலாம். அப்புறம் என் கையை எடுத்துடுவாங்கம்மா.”

அமைச்சர் விழாவுக்குச் சந்தில் பந்தல் போட இடமில்லை. உடலை மைதானத்துக்குத் தூக்கினார்கள். அமைச்சரின் செயலர் வந்தார்.

“அமைச்சர் வழியில் மூன்று வரவேற்புகளை ஏற்கிறார். மறுத்தால் மக்கள் மனம் புண்படும்.”

“உடலையாவது நிழலுக்கு மாத்தலாமா?” என்றார் வைத்தியர்.

“பந்தலுக்குள் வைத்தால் மன்னர் படம் மறையும்.”

கோட்டை மணி அடிக்க அடிக்கக் கோசலை விரலை மடக்கினாள். பன்னிரண்டுக்கு ஒரு கை தீர்ந்தது. மூன்று மணிக்கு மேளம் கேட்டது.

வைத்தியர் பஞ்சை விலக்கிப் பார்த்தார். “வீணாப்போச்சு,” என்றார்.

“பெட்டி தயாராக இருக்கிறதே,” என்றார் செயலர்.

கண் வைக்கக் கொண்டுவந்த வெள்ளிப் பெட்டியை வெறுமையாகவே மூடினார்கள். அமைச்சர் அதைக் கோசலையின் கையில் வைத்தார். மன்னரின் கருணையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். “இந்த ஆண்டில் நாம் பார்வை வழங்கியவர்களில் இந்தச் சகோதரி நூற்றுப் பன்னிரண்டாவது!” என்றார். கைதட்டினார்கள். முரசு ஊருக்குள் போனது.

எழுத்தர் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்.

“ஐயா, பெட்டியில ஒண்ணுமில்ல. குலுக்கிப் பாருங்க.”

“அமைச்சர் கையால் வாங்கினீர்கள். ஊரே பார்த்தது.”

“கடைசியிலயாவது என் பேரை எழுதுங்க.”

“பார்வையுள்ளவர்களை இதில் எழுதுவதில்லை.”

அரசு கொடுத்த ஊன்றுகோலை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தனக்கு முன்னால் இருந்த நூற்றுப் பதினொரு பெயர்கள் எங்கே போயின என்று கோசலைக்கு அப்போது புரிந்தது.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் அவள் சேலையைப் பிடித்தபடி நின்றாள். தூரத்திலிருந்து ஒரு கோல் தட்டும் ஓசை வேகமாக நெருங்கியது. தவசி. அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா! முரசு கேட்டுத்தான் ஓடியாறேன். அடுத்தது நான்தானாம்! சொல்லுக்கா, பாப்பா முகம் எப்படி இருக்கு?”