ஓடம் ஓடினால் நீ ஓட்டு

எழுபத்தொன்பதாம் வருஷம் என் மனைவி இராஜம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. அவளிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் இப்படிச் சொன்னேன்:

"அமெரிக்காக்காரன் விண்வெளி ஓடம் ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கான். அந்த ஓடம் ஓடட்டும். அன்னிக்கு நீ காரை ஓட்டு."

எனக்கே பெருமையாக இருந்தது. வாக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. ரயில் தாமதங்களைப் பதிவு செய்வது என் வேலை. ராக்கெட் தாமதங்களைப் பதிவு செய்வது என் பொழுதுபோக்கு. நீள நோட்டு ஒன்று வைத்திருந்தேன். எந்த நாட்டு ராக்கெட், எங்கிருந்து கிளம்பும், எதற்காகப் போகிறது, எல்லாம் அதில் இருக்கும். பூமியைச் சுற்றப் போகிறவை முன்பக்கம். மேலே போய்ச் சுற்றாமலே திரும்பி விழுகிறவை பின்பக்கம். இராஜம்மா ஒரு நாள் பின்பக்கத்தைப் புரட்டினாள்.

"இதெல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துடுமா?"

"ஆமா. காத்தை அளந்துட்டுக் கீழ வந்துடும்."

"உங்களைக் காய்கறி வாங்கப் பாசாருக்கு அனுப்புற மாதிரி," என்றாள்.

ஓடம் இப்போதைக்கு ஓடாது என்பது எனக்குத் தெரியும். அதன் மேல் சூடு தாங்க ஒட்டிய ஓடுகள் கழன்று விழுந்தன. எஞ்சின் சோதனையில் கோளாறு வந்தது. எழுபத்தொன்பது எண்பதாயிற்று, எண்பது எண்பத்தொன்றாயிற்று. ஒவ்வொரு முறையும் பழைய தேதியை ரப்பரால் அழித்துப் புதிய தேதியைப் பென்சிலால் எழுதுவேன். பேனாவைத் தொடவே இல்லை.

இதற்கிடையில் எண்பதாம் வருஷக் கடைசியில் ஜெஞ்சாரோமில் இருக்கும் இராஜம்மாவின் தங்கை அஞ்சலைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. அதுமுதல் இராஜம்மா ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஜெஞ்சாரோமுக்கு இன்னொரு பஸ் என்று பிடித்துப் போய் வந்தாள். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். என் டாட்சன் கார் வாசலில் நின்றது. இரண்டு தடவை நான் கூட்டிப் போனேன். மற்ற ஞாயிறுகளில் காரில் ஏதோ சத்தம் வருகிறது என்றேன். அவள் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பாள். பிறகு பஸ்ஸுக்கு நடப்பாள்.

எண்பத்தொன்று மார்ச்சில் பத்திரிகையில் ஓடம் கிளம்பும் தேதி வந்தது. ஏப்ரல் பத்து, வெள்ளிக்கிழமை. இந்த முறை நிச்சயம். இரண்டு வருஷம் காத்திருந்தவன், துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பாதி குதித்தேன். மீதிப் பாதி டாட்சன் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

வெள்ளி சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ரேடியோவை வைத்துச் சிற்றலையைத் திருகினேன். பக்கத்து வீட்டு முத்து முகம்மதுவும் அவர் மனைவி சௌதாவும் வந்திருந்தார்கள். அவருக்குக் கிள்ளானில் துணிக்கடை.

"இதுக்கு முன்னாடி ஆள் இல்லாம அனுப்பிப் பாத்தாங்களா?" என்று இராஜம்மா கேட்டாள்.

"இல்லை. முதல் தடவையே ரெண்டு பேரை உக்கார வெச்சுத்தான்."

"ஒரு தடவைகூட மேல போகாத வண்டிய நம்பிக் குடுக்கிறாங்களா?"

"அவங்க பயிற்சி எடுத்தவங்க."

"நான் கேட்டது டாட்சனைப் பத்தி," என்றாள் இராஜம்மா. சௌதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது நிமிஷம் இருக்கும்போது கவுண்ட் டவுன் நின்றது. உள்ளே நாலு கம்ப்யூட்டர் ஒரு பக்கமாம், அஞ்சாவது ஒரு பக்கமாம். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேச்சு வார்த்தை இல்லை. காத்திருந்தார்கள், காத்திருந்தோம். கடைசியில் இன்றைக்கு இல்லை என்று அறிவித்தார்கள்.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். அதற்கு நிறையப் பாடுபட வேண்டியிருந்தது.

எல்லோரும் போன பிறகு இராஜம்மா தம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பாவம் அந்த ரெண்டு பேரும். அவ்வளவு நேரம் மல்லாந்து படுத்துக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இறங்குன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

நான் ஓடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன். அதற்குள் படுத்திருந்த இரண்டு பேரை ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க அதே யோசனை. இவள் ஓட்டினால் இடிப்பாள் என்றா பயந்தேன்? இல்லை. இவளுடைய கை என் கையைவிட நிதானம். அரிசி புடைக்கும்போது பார்த்திருக்கிறேன், ஒரு மணி கீழே விழாது. வீட்டில் அவளுக்கு என்னால் ஆகிற காரியம் என்று எண்ணிப் பார்த்தேன். பல்பு மாட்டுவேன். ஊறுகாய் போத்தல் மூடியைத் திறப்பேன். கார் ஓட்டுவேன். மூன்றில் பெரியதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பல்புக்காக ஒரு புருஷனை வைத்திருப்பாளா? இதுதான் என் பயம். ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராக்கெட் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெஞ்சாரோமிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும் நேரம், ரேடியோவில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை எண்ணிக்கை நிற்கவில்லை. இரைச்சல் ரேடியோவை நிறைத்தது. அறிவிப்பவர் பேசுவது புரியவில்லை. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு வருஷம் வேண்டிக்கொண்டவன், போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போயிடுச்சு," என்றேன்.

"நல்லபடியா வந்து சேரட்டும்," என்றாள் இராஜம்மா.

நான் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்சம் கம்பீரமாகவே வைத்தேன். "நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல பேர் குடுத்துடு."

அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். லைசன். அவள் படம். தேதி போன டிசம்பர்.

"எப்போ கத்துக்கிட்ட?"

"நீங்க ஆபீஸ் போற நேரத்துல. சௌதாவும் நானும் ஒண்ணாத்தான் பேர் குடுத்தோம். அவ ரெண்டு தடவை பெயில்."

"அப்ப டெஸ்ட்ல நீ?"

"முதல் தடவையே."

உட்கார்ந்துவிட்டேன். "லைசன் இருந்துமா பஸ்ல போன?"

"புதன்கிழமை சௌதா வீட்டுக் கார்லதான் அவளையும் கூட்டிக்கிட்டுப் போவேன். நான்தான் ஓட்டுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பஸ்."

"அது எதுக்கு?"

"நீங்க வீட்ல இருப்பீங்க. நான் பஸ்ஸுக்கு நடக்கிறதை நீங்க பாக்கணும்ல."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "லைசனைக் காட்டிச் சாவியைக் கேட்டிருக்கலாம். குடுத்திருப்பீங்க. ஆனா அது பிடுங்கின மாதிரி இருக்கும். நீங்களா எடுத்துக் குடுக்கணும்னு இருந்தேன்."

"ராக்கெட் போகாம இருந்திருந்தா?"

"போயிருக்கும். நீங்க அதை அவ்வளவு ஆசையா எழுதி வெச்சிருந்தீங்க."

அடுத்த ஞாயிறு காலை வாசலில் டாட்சன் உறுமிக்கொண்டு நின்றது. நான் சொன்ன சத்தம் ஒன்றும் இல்லாத நல்ல உறுமல். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் காரின் முன்கதவைத் திறந்தேன். அங்கே சௌதா உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, எந்தச் சிம்பாங்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்குத்தான் தெரியும்," என்றாள். "நீங்க பின்னால உக்காருங்கண்ணே."

பின்னால் ஏறினேன். இராஜம்மா கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் என் முகம் தெரிந்தது. அவள் திரும்பி, மூடி போட்ட ஒரு சட்டியை என் மடியில் வைத்தாள்.

"அஞ்சலைக்கு ரசம். சிந்தாம பிடிச்சுக்குங்க, இனிமே அது உங்க வேலை."