மந்திரிக்குப் பொத்தான் தைத்த எதிர்க்கட்சித் தலைவர்

எதிர்க்கட்சிக்குத் தலைவராக இருந்துகொண்டு ஒருவரையும் எதிர்க்கத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. விழுப்புரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்தார். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் டெய்லர் தலைவர்.

அவருடைய தகுதிகளை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஆளுங்கட்சிக் கொடிகளையும் அவரே தைத்தார். "துணி இன்னாங்க பண்ணும், பாவம்?" என்பார். கண்டனக் கூட்டத்தில், "ஆட்சியில இருக்கிறவங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்து, "எதனா அதிகமாப் பேசியிருந்தா மன்னிச்சிக்குங்க" என்று முடிப்பார். நடுவில் ஒன்றும் இருக்காது. ஊர்வலத்துக்கு எதிரே மாட்டுவண்டி வந்தால், ஒதுங்குவது ஊர்வலம்தான்.

இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருக்கலாம், தெருவில் தண்ணீர் இருந்திருந்தால். எங்களுக்கு நகராட்சிக் குழாய் கிடையாது. பெண்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தார்கள். ஒரு நாள் பின்பக்கமாக வந்த இன்ஜினை ரோசம்மாள் கவனிக்கவில்லை. கடைசி நொடியில் குடத்தைப் போட்டுவிட்டுத் தாவினாள். பித்தளைக் குடம் அப்பளமாகிவிட்டது.

ரோசம்மாள் மாதா கோயில் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்பவள். அவள் இங்கே கூவினால் வளவனூரில் திரும்பிப் பார்ப்பார்கள். நசுங்கிய குடத்தோடு நேரே தையல் கடைக்கு வந்தாள்.

"இன்னா தலைவரே, அடுத்த தபா குடம் தப்பிச்சி நான் மாட்டிக்கினா, அப்பவாவது வாயத் தொறப்பியா?"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் மந்திரி திண்டிவனம் வருகிறார். கறுப்புக்கொடி காட்டிக் குழாய் கேட்டே தீருவது என்று முடிவாயிற்று. கொடிகளைத் தலைவரே தைத்தார். ஓரமெல்லாம் மடித்து, நூல் பிரியாமல், கல்யாணத்துக்குத் தைப்பதுபோல. பாலிடெக்னிக் விடுமுறையில் இருந்த நான், குழாய் எந்த வழியாக வரலாம் என்று படம் வரைந்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

திண்டிவனத்தில் மந்திரி காரைவிட்டு இறங்கினார். மாலை போட வந்தவர்களின் நெரிசலில் அவருடைய கழுத்துப் பொத்தான் தெறித்து விழுந்தது. நாங்கள் "ஒழிக" என்று ஆரம்பிப்பதற்குள் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மந்திரியிடம் போய்விட்டார். அடிக்கப் போகிறார் என்று போலீஸ் நினைத்தது. கேட்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் குனிந்து பொத்தானைப் பொறுக்கி, தன் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார்.

"அசையாதீங்க ஐயா, குத்திடப் போவுது."

மந்திரி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். அரசாங்கமே ஓர் ஊசி முனையில் நின்ற நேரம் அது. பின்னாலிருந்து ரோசம்மாள் அலறினாள்: "இப்பக் கேளுய்யா! கொழாயக் கேளு!"

தலைவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்:

"கழுத்து புடிக்குதுங்களா?"

"இல்லையே, நல்லா இருக்கு" என்று மந்திரி உள்ளே போய்விட்டார். நான் வரைந்த படம் பையிலேயே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் தலைவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் சாயங்காலம் தையல் கடையில் கட்சிக் கூட்டம். தலைவர் எழுந்தார்.

"என்ன வச்சிக்கினு உங்களுக்குக் கொழாய் வராது. கெட்டியான ஆளு வேணும். ரோசம்மாவப் போடுங்க."

சிரிப்பு வெடித்தது. "மல்லாட்டக்காரியா? பேஜாரு பண்ணாதீங்க தலைவரே, உக்காருங்க."

யார் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்துவிடுபவர் அன்று உட்காரவில்லை.

"உக்கார மாட்டேன். நீங்க எவனாவது ஒரு நாளு தண்ணி தூக்கியிருக்கீங்களா? அவ தூக்குறா. வேற பேரச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

கடைசியில் ரோசம்மாளையே தலைவியாகப் போட்டார்கள். வாழ்நாளில் அவர் எதிர்த்த ஒரே கட்சி அவருடைய சொந்தக் கட்சிதான். அதுவும் தன்னைத் தலைமையிலிருந்து இறக்குவதற்காக!

ரோசம்மாள் அப்புறம் நகராட்சி அலுவலக வாசலிலேயே கூடையை இறக்கிவைத்து, மல்லாட்டைக்கு ஒரு தரம், குழாய்க்கு ஒரு தரம் என்று மாறி மாறிக் கூவினாள். உள்ளே எந்தக் கோப்பையும் யாராலும் படிக்க முடியவில்லை. அந்தக் கோடைக்குள் குழாய் வந்துவிட்டது.

முதல் நாள், "நீதான் மொதல்ல புடிக்கணும் டெய்லரண்ணே" என்று ரோசம்மாள் கெஞ்சினாள். அவர் குடத்தோடு வரிசைக் கடைசிக்குப் போனார். பிறகு வந்தவர்களையும், "கைக்கொழந்த இருக்கு, நீ போம்மா", "வேலைக்கு நேரமாவுது, நீ ஜல்தியா புடி" என்று முன்னே விட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது குழாய் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே வெறுங்குடத்தோடு போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

நான் எங்கள் குடத்தை அவர் வீட்டுக்குள் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன். சொல்லிவிட்டு வைத்திருந்தால், அதையும் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லியிருப்பார்.