பனியில் வெளியே வராத துப்பாக்கி

கிட்ட வந்து உட்காருங்க. இது பெரிய ஆபீசு விசயம், சத்தமாச் சொல்லக்கூடாது.

பூனாகலைக்கு மேலே மலையில ஒரு தேயிலைத் தோட்டம். அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில நின்ன பஞ்ச காலம். கொழுந்து எடுக்கிற பெரியாயி, சனம் வரிசையாக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால வத்தாளை, அதான் சக்கரவள்ளிக் கெழங்கு, கொடி போட்டிருந்தா. அவ வீட்டு வயிறெல்லாம் அதைத்தான் நம்பியிருந்துச்சு. பனி இறங்கினா காட்டுப்பன்னியும் கூடவே இறங்கும். பாதிப் பாத்தியைத் தோண்டித் தின்னுட்டுது.

தொரைகிட்ட அழுது அழுது, கடைசியில ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கியைக் காவக்கார மாரிசாமிகிட்டக் குடுத்தாங்க. ஒரு குண்டு போனா அடுத்த குண்டு தானா ஏறிக்கும். மாரிசாமி பன்னியைப் பாத்துத்தான் சுட்டான். குண்டெல்லாம் தொரை பங்களா தண்ணித் தாங்கியில போய்ப் பட்டுது.

பன்னி தின்னப்போ வராத அதிகாரி, தொரை குளிக்க முடியலைன்னதும் மறுநாளே பதுளையிலிருந்து வந்து சேர்ந்தாரு. பேரு இராசையா. பதவி, துல்லிய மேம்பாட்டு உத்தியோகத்தர். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல சனமெல்லாம் நிக்க, துப்பாக்கியைத் தடவிப் பாத்து அறிவிச்சாரு.

"இதன் மரக்கட்டை பனியில் ஊறி வீங்கிக் குழலை நெருக்குகிறது. இன்று முதல் இது உலர்ந்த நிலையில் பேணப்படும்."

பேணினாங்க. ஆபீசுக்குப் பக்கத்துல புதுத் தகரம் போட்ட அறை. உள்ள கரியடுப்பு, கம்பளி. வாசல்ல மாரிசாமி காவல். பொழுது சாய்ஞ்சா, பச்சப்புள்ளைக்குப் போடுற மாதிரி சாம்பிராணி.

"எங்க லயத்துக் கூரையும் ஒழுகுதுங்க ஐயா," அப்படின்னா பெரியாயி.

"நீ வீங்கினா குண்டு திசை மாறுமா?"

"மாறாதுங்க."

"பிறகென்ன?"

ஒரு வெயில் நாள்ல பலகை நட்டுச் சுட்டாங்க. நட்ட நடுவுல பட்டுது. தொரை கை தட்டினாரு. அடுத்த நாளே பனி இறங்குச்சு. பெரியாயி ஓடினா.

"மாரிசாமி அண்ணே, பன்னி வந்திருச்சு. துப்பாக்கிய எடுங்க."

"பனியா இருக்கே தாயி. வெளிய எடுத்தா ஈரம் ஏறிருமே."

"பனியிலதானே பன்னி வருது."

"வெயில்ல வரச் சொல்லு. ஒரே குண்டுதான்."

அதுக்கப்புறம் துப்பாக்கி குறி தவறவேயில்லைன்னு இராசையா மேலிடத்துக்கு எழுதி, பாராட்டும் வாங்கினாரு.

பெரியாயி அந்த அறையையே கொஞ்ச நேரம் பாத்தா. அடுப்புப் புகை, ஆள் நடமாட்டம், விடாத காவல். பன்னி அந்தப் பக்கம் தலை காட்டல. மிஞ்சின கெழங்குக் கொடியை அறுத்துக்கிட்டுப் போயி, அறையைச் சுத்தி நட்டா.

"இது என்ன?" இராசையா கேட்டாரு.

"மண்ணு ஈரத்தக் கொடி குடிச்சிருமுங்க. துப்பாக்கிக்கு நல்லது."

அதிகாரி யோசிச்சாரு. "உலர்த்தும் தாவரம்" அப்படின்னு தலையாட்டி, சுத்தி முள்ளுக்கம்பியும் அடிக்கச் சொன்னாரு. அப்புறம் லயத்துச் சனமெல்லாம் துப்பாக்கி மேல அக்கறையாகி, ஆளுக்கொரு கொடி கொண்டாந்து நட்டாங்க.

இங்க ஒண்ணும் கிடைக்காத பன்னி, ஹல்துமுல்லைப் பக்கம் திரும்புச்சு. அங்கேயிருந்து பெரியாயியோட நாத்தனா இராக்கம்மா வந்தா.

"எங்க தோட்டத்துக்கும் துப்பாக்கி கேட்டிருக்கோம் அண்ணி."

பெரியாயி அவ மடியில ஒரு கட்டுக் கொடியை வச்சா.

"கேளுங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி சுட்டுப் பாருங்க. நேராச் சுட்டா அதுக்கு அறையும் காவலும் போடமாட்டாங்க, வேணாம்னு திருப்பிக் குடுத்துருங்க."