கண்டறியப்படாத புயல்

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட கையோடு சிவசங்கர் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரசுப் பணியாளர்களின் ஃபேஸ்புக் பதிவுகள் இனிமேல் கண்காணிக்கப்படுமாம்.

திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் அவர். பகலில் கோப்பு. வேலை முடிந்தால் ‘காவிரிப் புயல்’ என்ற பெயரில் புரட்சி. முந்தின நாள்தான், அம்மா மண்டபம் ரோட்டில் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தைப் பற்றிச் சீறியிருந்தார். சீற்றம் இப்படித் தொடங்கியது: ‘மேற்காண் பொருள் தொடர்பாக, மேற்படி பள்ளமானது நாளது தேதிவரை மூடப்படவில்லை.’

நாலு லைக். ஒன்று மனைவி வேணி, ஒன்று மச்சான், ஒன்று அவரே. நாலாவது, ‘ரோஜாப்பூ’ என்று யாரோ.

பதிவை அழித்தார். மூச்சு வந்தது.

மாலை, வேணி கைபேசியை நீட்டினாள். "என்னங்க, உங்கள அரசாங்கம் முடக்கிடுச்சாமே?"

‘புயலின் குரல் நெரிக்கப்பட்டது! எங்கே புயல்?’ என்று ரோஜாப்பூ போட்டிருந்தது. எண்ணூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"நான்தாண்டி அழிச்சேன்! பதினெட்டு வருஷ சர்வீஸு. மெமோ வந்தா பிரமோஷன் காலி."

"அப்ப நீங்கதான் அழிச்சீங்கன்னு போடுங்க."

போட்டார். ‘மேற்படி பதிவு எவரது வற்புறுத்தலுமின்றி, சுயநினைவுடன் என்னால் நீக்கப்பட்டது.’

‘கழுத்துல கத்திய வச்சு எழுதி வாங்கிட்டாங்க!’ என்றது ரோஜாப்பூ.

‘சாலைகள் அனைத்தும் சிறப்பாக உள்ளன’ என்று போட்டார்.

‘ஐயோ, அடிச்சிருக்காங்க!’

கணக்கையே மூடினார். ‘ஆளையே காணோம்!’

இரண்டாம் நாள் காலை, பள்ளத்தைச் சுற்றி ஐம்பது பேர் ‘புயலை விடுதலை செய்!’ என்று அட்டை பிடித்து நின்றார்கள். தன்னை விடுவிக்கச் சொன்ன கூட்டத்துக்கு ஹாரன் அடித்து, வழி வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார் சிவசங்கர்.

கண்காணிப்பாளர் ஜாஸ்லின் கூப்பிட்டனுப்பினார். போன வாரம் ஸ்கூட்டியோடு விழுந்ததில் அவரது வலது கையில் மாவுக்கட்டு. எதிரே மேலிடத்திலிருந்து வந்த ஒரு கடிதம்.

"புயல்ங்கிறது நம்ம ஸ்டாஃபான்னு விசாரிச்சு, அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் கேக்கறாங்க சார்."

"நம்ம ஸ்டாஃபா? எ... எதை வச்சு மேடம்?"

"‘மேற்காண் பொருள்’னு வேற யாரு சார் கோவப்படுவாங்க? நீங்களே விசாரிச்சு எழுதிடுங்க. நல்லா டிராஃப்ட் பண்றவரு நீங்கதானே."

சிவசங்கர் தன்னைத் தேடினார். மூன்று மணி நேரமாகியும் அகப்படவில்லை. ‘மேற்காண் பொருள்’ என்று தொடங்கி, கோடு போட்டு அடித்தார். அது இல்லாமல் அடுத்த சொல் வரவில்லை. மறுபடி அதையே எழுதினார்: ‘மேற்காண் பொருள் தொடர்பாக, புயல் என்பவர் இவ்வலுவலகத்தில் கண்டறியப்படவில்லை எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.’

அலுவலக உதவியாளர் இருசம்மாள் கோப்பை மேடத்திடம் கொண்டுபோனாள். பத்து நிமிடத்தில் அதே கோப்போடு திரும்பி வந்தாள். கையெழுத்து இல்லை.

சிவசங்கர் நாற்காலியை விட்டு எழுந்தார். "க... கண்டுபிடிச்சுட்டாங்களா?"

இருசம்மாள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வரி விட்டுப்போச்சாம் சார். ‘ரோஜாப்பூ என்பவரும் கண்டறியப்படவில்லை’ன்னு சேர்த்துடணுமாம். அந்தப் பள்ளத்துல விழுந்ததுலேர்ந்து இடது கையாலயே போஸ்ட் போட்டுப் போட்டு மேடத்துக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சாம்."