கொடிக்கயிற்றில் கட்டிய எல்லை

நான் ஒருமுறை கேரளத்தையும் தமிழ்நாட்டையும் பிரித்திருக்கிறேன். அரசாங்கத்துக்கு அந்த வேலையை முடிக்க கமிஷன், அறிக்கை, போராட்டம் என்று வருடக்கணக்கில் பிடித்தது. எனக்கு நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது. ஆன செலவு ஒரு கொடிக்கயிறு. (அதுவும் லாட்ஜ்காரருடையது.) அதனால் என் வேலை போயிற்று என்று சொல்லி, கேட்பவர்களைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். வேலை போனது உண்மைதான். போனது அது மட்டுமில்லை என்பதைப் பொதுவாக நான் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் முடித்த இருபத்தாறு வயது நாகர்கோவில்காரனாக நான் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில், எட்டாம் வகுப்புக்கு சமூகப் பாடம் எடுக்கும் வேலை. குடியிருப்பு தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறை. கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள், ஹோட்டல் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பூக்கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பு. வீட்டில் கொஞ்சம் வசதி வந்ததும் பிள்ளையை மலையாளத்துக்கோ இங்கிலீஷுக்கோ மாற்றிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் எங்களுக்கு.

கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் ஆறாவது வேலைநாள் என்று ஒன்று உண்டு. ஜூனில் பள்ளி திறந்து ஆறாம் நாள் தலை எண்ணுவார்கள். வேண்டிய தலைகள் இல்லாவிட்டால் அந்த டிவிஷன் போய்விடும். கடைசியாகச் சேர்ந்த ஆசிரியரும் கூடவே போய்விடுவார். கடைசியாகச் சேர்ந்தவன் நான். அதனால் மே மாதம் முழுக்க வலியசாலை முதல் ஸ்ரீவராகம் வரை வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தேன். (ஒரு வீட்டில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.) ஒருவழியாக எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரு தலைகூட மிச்சமில்லை.

ஹெச்.எம். மலையாளத்து அம்மா. அனுபவசாலி. பள்ளி திறந்த அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சாரே, ஆறாவது திவசம் வரைக்கும் பிள்ளைகளை ஒண்ணும் பறையண்டா, திட்டண்டா. பாட்டு, கதை, விளையாட்டு, அது மதி, போதும். படிப்பெல்லாம் ஏழாவது நாள் தொடங்கலாம்.”

இப்படிப்பட்ட அறிவுரையைக் கேட்டு நடக்கிற வயதா அது? பாடப்புத்தகத்தில் எங்கள் ஊர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போன கதைக்கு இரண்டே வரி கொடுத்திருந்தார்கள். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் ஐம்பத்தாறு நவம்பரில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன, அவ்வளவுதான். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்த, நான் பிறந்து வளர்ந்த மண்ணுக்கு இரண்டு வரியா என்று எனக்குக் கொதித்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லை என்றால் என்ன என்று உடம்பில் உறைக்கிற மாதிரிச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். நாலாம் நாள் காலை, லாட்ஜில் என் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். (காய்ந்துகொண்டிருந்த என்று சொன்னது மரியாதைக்கு. ஜூன் மழையில் திருவனந்தபுரத்தில் எதுவும் காய்வதில்லை. ஈரச் சட்டையோடுதான் வரலாற்றை மாற்றப் போனேன்.)

ஜன்னல் கம்பியிலிருந்து கரும்பலகைத் தாங்கி வரை கயிற்றைக் கட்டினேன். “இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அவங்கவங்க ஊர் எதுவோ அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றேன்.

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

“சாரே, நான் பொறந்தது இங்க மெடிக்கல் காலேஜ்ல. ஆனா கோயில் கொடைக்குப் போறது அங்க. நான் எங்க நிக்க?”

“சாரே, எங்களுக்கு ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு உண்டு.” (இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.)

வகுப்பில் இருந்த ஒரே மின்விசிறி கேரளத்தின் தலைக்குமேல். கூரை ஒழுகுவதோ தமிழ்நாட்டில். ஐந்து நிமிடத்தில் பாதித் தமிழ்நாடு கயிற்றுக்குக் கீழே குனிந்து கேரளத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் சோற்றுப் பாத்திரத்தைக் கயிற்றுக்கடியில் தள்ளிவிட்டு, “அரி கடத்தல் சாரே!” என்று கத்தினான். நான் ஆனந்தத்தில் மிதந்தேன். எல்லைப்புற மக்களின் வாழ்க்கையை இவ்வளவு தத்ரூபமாக வகுப்புக்குள் கொண்டுவந்த ஆசிரியன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

அப்போதுதான் இசக்கிமுத்துவையும் பேச்சியையும் பார்த்தேன். அண்ணன் தங்கை. அண்ணன் ஒரு வருடம் தோற்றதில் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே குடை, ஒரே டிபன் பாத்திரம். இசக்கி ஒழுகல் சொட்டுகிற இடத்தில் தமிழ்நாட்டில் நின்றான். பேச்சி இந்தப் பக்கம் நின்றாள். விசிறிக்காக வந்தவள் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“என்னடே, ஒரே வீட்டுல ரெண்டு ஊரா?”

“அம்ம ஊரு தோவாளை. அம்ம அங்கதான் போகணும்னு சொல்லுதாவ. நான் அம்மகூட” என்றான் இசக்கி.

“அப்பாக்கு இங்கதான் வேலை. அப்பாக்கு யாரு சோறு வைப்பா?” என்றாள் பேச்சி.

வீட்டில் அப்பா கொத்தனாருக்கும் அம்மாவுக்கும் மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பு சட்டென்று அடங்கியதே அதனால்தான். எனக்கும் புரிந்தது. புரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பேரையும் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஒருவரை நோக்கி ஒருவர் கையை நீட்டச் சொன்னேன். “பாத்துக்கிடுங்க பிள்ளைகளா, இப்படித்தான் அன்னைக்கு எத்தனையோ குடும்பங்கள் பிரிஞ்சுது!” என்று தழுதழுத்த குரலில் முழங்கினேன். பேச்சி கையை நீட்டினாள். இசக்கி நீட்டவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. நான் வகுப்பைக் கைதட்டச் சொன்னேன்.

ஆமாம், கைதட்டச் சொன்னேன். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னாலேயே இசக்கியின் அம்மா ஹெச்.எம். அறைக்கு வந்தார். பையனைக் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போவதாகவும், டி.சி.யை அப்புறம் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு வெளியே வந்தவர், வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பிள்ளைகளுக்காவத்தான் சாரே இத்தன நாளும் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். அதுக ரெண்டும் ஏற்கெனவே பிரிஞ்சு நிக்குன்னு நேத்து நீங்க கயிறு கட்டுன பொறவுதான் தெரிஞ்சுது. இனி யாருக்காவ இருக்க?”

கோபமே இல்லாமல் இதைச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். “நாளைக்கு ஒரு நாள் மதி சாரே. நாளைக்கு எண்ணும்போது அந்தப் பையன் கிளாஸ்ல இருந்தா மதி. ஓடுங்கோ” என்றார். பன்னிரண்டரை மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினேன். குடை பாதி வழியில் மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. ஒரு ஆட்டோ என்மேல் முழுச் சாலையையும் வாரி இறைத்தது. நாகர்கோவில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு துணிப்பையோடு அம்மா, தகரப் பெட்டியோடு இசக்கி, வழியனுப்ப வந்த பேச்சி.

நனைந்த கோழியாக நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. அப்படி ஒரு மாற்றத்தை நான் எந்த முகத்திலும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

“அவிய அனுப்புனாவளா சாரே?”

கணவர் என்னைத் தூது அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். பேச்சியும் என்னையே பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு மனுஷன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, ஆனால் நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்த கட்டடம் அங்கிருந்து பத்து நிமிட நடைதான்.

“இல்லம்மா” என்றேன் மூச்சு வாங்க. “ஒரே ஒரு நாள். நாளைக்கு மட்டும் இசக்கி கிளாஸ்ல இருந்தாப் போதும். நாளை மறுநாள் நீங்க தாராளமாப் போகலாம்.”

தாராளமாக! வரலாறு படித்தவனின் வாயில் வந்த வார்த்தை அது. அம்மா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறாம் நாள் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். இசக்கி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டான்.

“சாரே, எனக்காவா வந்திய? தலை எண்ணுறதுக்கா?”

“உனக்காகத்தான் மக்கா” என்று சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் தாமதமாகிவிட்டது. அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான். கண்டக்டர் டபுள் பெல் அடித்தார்.

திரும்பும்போது பேச்சி என்னோடு பள்ளிக்கு நடந்து வந்தாள். அழவில்லை. பாதி தூரம் வந்தபிறகு, “நாளைக்கு நான் கண்டிப்பா வரணும்லா சாரே? எண்ணுவாவல்லா?” என்று கேட்டாள். வந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நான் லாட்ஜுக்குப் போய்க் கயிற்றைத் திருப்பிக் கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்தேன்.

பிறகு ஊரிலேயே எனக்கு வேலை கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து தோவாளை கூப்பிடு தூரம். இந்த இருபத்துச் சொச்சம் வருடத்தில் ஒருநாள் போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. அந்தக் குடும்பம் மறுபடி சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம், அதுதான் உண்மை.

என் மனைவியிடம் மட்டும் முழுக் கதையையும் ஒருமுறை சொன்னேன். அவள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கேலி நிலைத்துவிட்டது. குடும்பத்தோடு எங்காவது கிளம்பி, பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறியதும் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று நான் விரல் நீட்டி எண்ண ஆரம்பிப்பேன். உடனே மகள் குரல் கொடுப்பாள்: “எங்களுக்காவா வந்திய சாரே? தலை எண்ணுறதுக்கா?” மைத்துனர் குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று பெட்டி முழுக்கச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

“உங்களுக்காகத்தான் மக்கா” என்று உடனே சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் நான் மூச்சு இழுப்பதுகூட இல்லை.