கப்பல் அண்ணனின் தோல் கையுறை

குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் படகு வேலை செய்து பிழைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் திண்டுக்கல்காரர். ஊர் வைத்த பெயர் கப்பல். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளில் பழநி ரோட்டில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். பக்கத்துக் கொட்டகை அவருடையது. மலைமேல் ஏரியில் அடிபட்ட படகுகள் லாரியில் இறங்கி வரும். ஓட்டை விழுந்த இடத்தில் கண்ணாடி நாரால் நெய்த துணியை விரித்து, எபாக்சி ரெசின் பூசி ஒட்டுவார். இரண்டு டின். ஒன்றில் ரெசின், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். அவர் பாஷையில் மாப்பிள்ளை, பொண்ணு. இரண்டையும் கலந்தால் கல்யாணம். கலந்த அரைமணிக்குள் பூசியாக வேண்டும் என்பதால் அதுவரை யாருக்கும் முகம் கொடுக்கமாட்டார். ஒருமுறை தந்திக்காரரையே, "தாலி கட்டியாகட்டும், செத்த நேரம் இருய்யா" என்று வெயிலில் நிறுத்திவிட்டார்.

ஒருநாள் சோம்பல்பட்டு, நாலு படகுக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் வாளியில் கல்யாணத்தை நடத்தினார். மொத்தமாகக் கலந்தால் அந்தச் சரக்கு கொதித்துவிடும். வாளி முதலில் புகைந்தது, பிறகு உருகியது. லோயர் பரீட்சைக்குத் தட்டிக்கொண்டிருந்த என் மாணவர்கள் பதினாறு பேரும் இருமிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார்கள். கப்பல் அசரவில்லை. "ஒண்ணுமில்ல மாஸ்டர், பொண்ணு கொஞ்சம் கோவக்காரி" என்றார்.

வெறுங்கையால்தான் பூசுவார். பதம் கைக்குத்தான் தெரியுமாம். பூசிய கையை பெயிண்ட் கரைக்கும் தின்னரில் கழுவிவிட்டு நேரே பிரியாணிக் கடைக்குப் போவார். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று விரலிடுக்கில் அரிப்பு, கொப்புளம், இமைகளில் வீக்கம். தெருவே வைத்தியரானது. கத்திரிக்காயை நிறுத்தினார், கருவாட்டை நிறுத்தினார். கடைசியில் பிரியாணியையும் நிறுத்தியபோதுதான் நான் பயந்துபோனேன். "கையுறை போடுங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

போட்டார். எங்கள் ஊர் தோலுக்குப் பேர்போன ஊர் அல்லவா? நல்ல தடித்த தோலில் ஒரு ஜோடி தைத்து வாங்கி வந்தார்.

"பாம்பு கொத்துனாக்கூட உள்ள எறங்காது மாஸ்டர்."

பாம்பு இறங்காது, சரி. ரெசின் சாவகாசமாக உள்ளே இறங்கி, தோலில் ஊறி, நாள் முழுக்க அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் கை பூரியாக உப்பிவிட்டது.

டாக்டர் அந்தக் கையுறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருஷம் பொறுத்த ஒடம்பு இனிமே பொறுக்காதுய்யா. ஒரு சொட்டு பட்டாலும் வீங்கும், காஞ்சப்புறம் தேய்க்கிற தூசி பறந்தாலும் வீங்கும். இந்த வேலைய விட்ருங்க."

வெளியே வந்ததும் கப்பல் அழுதார். "எனக்கு வேற என்ன மாஸ்டர் தெரியும்?"

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். மச்சினன் மாரியப்பன் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையுமாக உள்ளே வேலை செய்வது. கப்பல் எதிர்சாரி டீக்கடையில் உட்கார்ந்து உத்தரவு போடுவது. லாரிச் சத்தத்தில் உத்தரவு பாதிதான் வந்து சேரும் என்பதால் நடுவில் நான்.

"ஓரத்த அமுக்கச் சொல்லுங்க!"

"அமுக்குறான்ணே!"

"அம்புட்டு அமுக்க வேணாம்னு சொல்லுங்க!"

அந்த மாதம் என் மாணவர்கள் டைப்பிங்கைவிடப் படகு வேலையைத்தான் நன்றாகக் கற்றார்கள்.

ஒருநாள் கலவை டப்பா சரிந்து, படகு முழுக்க வழிந்தது. மாரியப்பன் துணி வெட்டப் பின்பக்கம் போயிருந்தான். இறுகிவிட்டால் படகு பாழ். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு வெறுங்கையோடு குனிந்தேன். எதிர்சாரியிலிருந்து அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. உள்ளே கால் வைக்கவே கூடாத மனிதர் ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தன் கையாலேயே அத்தனையையும் வழித்துப் போட்டார்.

"டைப் அடிக்கிற வெரலுய்யா அது! என் கைதான் ஏற்கெனவே போச்சே!"

அடுத்த மூன்று நாள் அவருக்கு இரண்டு கண்ணும் திறக்கவில்லை. இரண்டு கையிலும் மருந்துக் கட்டு. நான் தயிர்சாதம் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கியவர், "மாஸ்டர், உப்பு கம்மி" என்றார்.

பெற்ற பிள்ளைக்குக்கூட அதுவரை நான் ஒரு வாய் ஊட்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தேன்.