அட்டைப்படத்தில் திரும்பி நிற்கும் தண்ணீர்

மரியாதைக்குரிய மாமாவுக்கு, மூத்த மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. மற்றபடி நலம். வேலை எப்போது நிரந்தரமாகும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாதத்தோடு போகிறது.

காரணம் தண்ணீர். ஓர் இரும்பு அயனியை ஆறு சயனைடுகள் பிடித்துக்கொண்டிருக்கும் பொருளைத் தண்ணீரில் கரைத்தால், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் எப்படி நிற்கும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. சயனைடு என்றதும் பதறாதீர்கள், அவை இரும்பை விட்டு லேசில் வராது, நானும் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. வெறும் இரும்பு அயனி என்றால் நேர்மின்னேற்றம், தண்ணீர் தன் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டி நிற்கும். சயனைடுகள் சூழ்ந்துவிட்டால் மொத்தமும் எதிர்மின்னேற்றம், தண்ணீர் அப்படியே திரும்பி ஹைட்ரஜனை நீட்டும். இவ்வளவுதான் விஷயம். இதை ஓர் ஆய்விதழ் தன் அட்டையில் போடுவதாகச் சொல்ல, எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் தன் மருமகளை வரையச் சொல்ல, அந்தப் பெண் பள்ளிக்கூடப் பாடத்தை நினைவு வைத்துக்கொண்டு அத்தனை தண்ணீரையும் ஆக்சிஜன் பக்கமாகவே நிறுத்திவிட்டாள். பெரிய திரையில் படம் வந்ததும் அறை முழுக்கக் கைதட்டல். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், தண்ணி எல்லாம் தப்பா நிக்குது."

"கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கா. இதையெல்லாம் யாரு உத்துப் பாக்கப் போறா?"

"உத்துப் பாக்கவே வேண்டாம் சார், நாம கண்டுபிடிச்சதுக்கு நேர் எதிரா இருக்கு."

அதற்குப் பிறகு ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கணக்குப் போட்டவன் என்ற முறையில், படம் சரி என்று நான்தான் ஆய்விதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் வேலை நீட்டிப்பு இல்லையாம்.

வீட்டில் சொன்னேன். "தண்ணி எந்தப் பக்கம் திரும்பினா உங்களுக்கென்ன? வாடகைக்கு நான் எந்தப் பக்கம் திரும்பறது?" என்றாள் உங்கள் மகள். அன்றோடு பேச்சு நின்றது.

மாமா, என் வாழ்நாளில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். இதையும் மாற்றிச் சொன்னால் என்னிடம் என்ன மிச்சம்? முடியாது என்று நாளை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். நீங்களாவது உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். அவர் முழங்கால் வலி குறையட்டும், கூடவே உங்கள் கோபமும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓராண்டு நீட்டிப்பு. "இப்பதான் நீங்க நம்ம ஆளு" என்று தலைவர் தோளில் தட்டினார். உங்கள் மகள் பேசுகிறாள். அட்டைப்படம் வந்ததும் ஒன்று அனுப்புகிறேன், கூடத்தில் மாட்டுங்கள். யாராவது கேட்டால், மாப்பிள்ளை சரிபார்த்த படம் என்று சொல்லுங்கள்.